பெரிய நாய் டியூபும் நான்கு கிலோ பூனையும்

மாட்டாஸ்பத்திரிக்குப் பூனையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உள்ளே நுழையும் முன் வாசலில் நின்று ஒரு மன்னிப்புக் கேட்பார்கள். “பூனதான் சார், பாப்பீங்களா?” என்பார்கள். கால்நடை மருத்துவராகப் பணியில் இருந்த காலம் முழுக்க இதற்கு “பாப்போம், கொண்டாங்க” என்று பெரிய மனதோடு பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரிய மனதுக்குள் எவ்வளவு அறிவு இருந்தது என்பதைத்தான் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு எழுதப்போகிறேன்.

எங்கள் காலத்தில் வெளிநோயாளிப் பதிவேடு என்பது ஒரு நீளமான நோட்டு. மாடு, எருமை, ஆடு, கோழி, நாய் என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டம் ‘இதர.’ பூனை அதில்தான் வரும். ஒருமுறை ஒரு கிளியும், இன்னொருமுறை யாரோ வாய்க்காலில் பிடித்த ஆமையும் அதே கட்டத்தில் வந்தன. கல்லூரியில் எல்லா விலங்குகளையும் படித்தோம் என்பது உண்மை. ஆனால் சுற்றிலும் வயலாக இருக்கும் ஊர்களில் வருஷக்கணக்காகக் கைபழகியது மாட்டில். அதனால் எந்த உயிரைப் பார்த்தாலும் அதைச் சிறிய மாடாகவே பார்க்கும் ஒரு கண் எங்களுக்கு வந்துவிட்டது. ஆடு என்றால் மாட்டில் பத்தில் ஒன்று. பூனை என்றால் நூறில் ஒன்று. மீதியெல்லாம் வகுத்தல் கணக்கு.

எனக்கு வகுத்தல் நன்றாக வரும். அதுதான் பிரச்சினையானது.

சிதம்பரத்தில் நான் வேலை பார்த்தபோது, தெள்ளுப்பூச்சி பிடித்த பூனைகள் நிறைய வந்தன. வருவதற்கு முன்பே வீட்டில் வைத்தியம் முடிந்திருக்கும். கற்பூரத்தைக் கரைத்துத் தேய்த்திருப்பார்கள். அந்துருண்டையைத் துணியில் முடிந்து கழுத்தில் கட்டியிருப்பார்கள். மாட்டு உண்ணிக்கு அடிக்கும் மருந்தை வாளியில் கலக்கி, பூனையைக் காலைப் பிடித்து முக்கியிருப்பார்கள். பூனை தன் உடம்பை நாளெல்லாம் நக்கிக்கொண்டிருக்கும் பிராணி. அதன் தோலில் பூசுவதெல்லாம் வயிற்றுக்குள்ளும் போகும். இதை நான் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்வேன். சொல்லிவிட்டு, பிடரியில் சொட்டாக விடும் மருந்தை வாங்கச் சொல்வேன்.

அந்த மருந்து பூனைக்கென்று தனியாக எங்கள் பக்கத்து மெடிக்கலில் கிடைக்காது. நாய்க்கு வருவதுதான் இருக்கும். அதிலும் பெரிய நாய்க்கான டியூப். கடைக்காரர் பெட்டியை உடைத்து டியூபை மட்டும் லூசில் கொடுப்பார். தெருவில் நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு டியூப் வாங்கி, இன்சுலின் ஊசியால் உறிஞ்சி, ஏழெட்டுப் பூனைக்குப் பங்கு போடுவார்கள். சில வீடுகளில் கூடுதலாகவும் சில வீடுகளில் குறைவாகவும் விழுந்தது. இந்த ஒழுங்கின்மையை என்னால் பொறுக்க முடியவில்லை. பங்கு போடுவது தவறா என்று யோசிக்காமல், சரியாகப் பங்கு போடக் கற்றுக்கொடுத்தேன்.

ஓர் எடைவாரி அட்டவணை தயாரித்தேன். தேரோடும் வீதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து, பச்சை ஓரம் வைத்து, லேமினேட் செய்து எங்கள் கால்நடை மருந்தகச் சுவரில் மாட்டினேன். ‘பெரிய நாய் டியூப்: நாற்பது கிலோ நாய்க்கு நான்கு மில்லி’ என்று தொடங்கி, அங்கிருந்து இறங்கி இறங்கி, ‘நான்கு கிலோ பூனைக்கு 0.4 மில்லி’ என்று முடியும். கீழே என் கையெழுத்து, முத்திரை, தேதி. எதிலும் தேதி போடாமல் நான் கையெழுத்திட்டதில்லை. என் நாட்குறிப்புகளில் மழை பெய்த நேரம்கூட உண்டு.

எங்கள் மருந்தகத்தில் கால்நடைப் பராமரிப்பு உதவியாளராக ஒரு பெண்மணி இருந்தார். பெயர் வேண்டாம்; அவருக்குப் பிடிக்காது. என்னைவிடப் பத்து வயது இளையவர். பூனைக்குத் தெள்ளுப்பூச்சி என்றால் அவருடைய வைத்தியம் ஒன்றுதான்: பேன் சீப்பும் ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும். சீவி எடுத்து எடுத்துத் தண்ணீரில் போடுவார். அட்டவணையை மாட்டிய அன்று இடுப்பில் கைவைத்து நின்று படித்தார்.

“நல்லாத்தான் இருக்குது சார். பூனைக்குத்தான் படிக்கத் தெரியாது.”

“பூனைக்காரங்களுக்குத் தெரியும்மா.”

“மருந்து பேரு போடலியே?”

“பேரு போட்டா சனங்களுக்குக் கொழப்பம்.”

அவர் சீப்பைக் கழுவப் போய்விட்டார். அந்தக் கேள்வியை நான் அன்றைய நாட்குறிப்பில் எழுதவில்லை. அட்டவணையின் நீள அகலத்தை எழுதியிருக்கிறேன்.

ஒரு வருஷத்துக்கும் மேல் அட்டவணை நன்றாகவே வேலை செய்தது. காரணம் என் திறமை இல்லை. அந்த டியூபில் அப்போது இருந்த ஃபிப்ரோனில் என்ற மருந்தை நாயும் தாங்கும், பூனையும் தாங்கும். (முயலுக்கு அதுவும் ஆகாது, முயல் கேட்டு யாரும் வராதது என் அதிர்ஷ்டம்.) ஆனால் வெற்றி தொடர்ந்து கிடைத்தால் மனிதன் அதைத் தன் கணக்கின் வெற்றி என்றுதான் எடுத்துக்கொள்வான். வந்தவர்கள் அட்டவணையை போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் படத்தில் விழாதபடி நாகரிகமாக ஒதுங்கி நிற்பேன்.

பிறகு ஒரு நாள் குமராட்சிப் பக்கம் ஒரு கிராமத்தில் கன்று குறுக்கே கிடந்த ஒரு பசுவுக்குப் போயிருந்தேன். வலது கை தோள்வரை பசுவுக்குள். கன்றின் முன்னங்கால் ஒன்று விரலில் தட்டுப்பட்டு நழுவிக்கொண்டிருந்தது. அப்போது சட்டைப் பையில் போன் அடித்தது. மாட்டுக்காரர் அதை எடுத்து என் காதில் வைத்தார். மெடிக்கல் கடைக்காரர்.

“சார், அந்தக் கம்பெனி டியூப் வரல. வேற கம்பெனிது வந்துருக்குது. அதே சைஸ்தான், அதே நாலு மில்லி. உண்ணி, தெள்ளு எல்லாத்துக்கும் கேக்குமாம். சார்ட்டு காட்டி கேக்குறாங்க. குடுக்கலாமா?”

“குடுங்க, குடுங்க.”

“பூனைக்கும்...”

“அதான் சார்ட்டு இருக்குதே. குடுங்க.”

கால் கைக்குள் வந்துவிட்டது. இழுத்தோம். அன்றைய நாட்குறிப்பில் கன்று கிடேரி என்பதும், எழுந்து நிற்க எத்தனை நிமிடம் ஆனது என்பதும், மாட்டுக்காரர் வீட்டில் கொடுத்த மோரில் உப்பு அதிகம் என்பதும் இருக்கின்றன. போன் வந்தது இல்லை. அந்த நாளில் நான் செய்த மிகப் பெரிய காரியம் அந்தப் பேச்சுதான் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்தின நாள் சிதம்பரத்தில் தேர். உள்ளூர் விடுமுறை. மருந்தகத்தில் நானும் உதவியாளரும் மட்டும் இருந்தோம். பதினொன்றே கால் மணிக்கு ஸ்டெல்லா டீச்சர் ஒரு பிளாஸ்டிக் கூடையோடு வேகமாக நடந்துவந்தார். பள்ளியில் கணக்கு டீச்சர். சொந்த ஊர் கடலூர். வேலைக்காகச் சிதம்பரத்தில் தனியாக வீடெடுத்து இருந்தார். தேர் நிற்பதால் எந்த வீதியிலும் ஆட்டோ விடவில்லை. சந்து சந்தாகச் சுற்றிக் கூடையைத் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறார். முகமெல்லாம் வேர்வை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. “பூன சாகுது சார்” என்றார்.

கூடைக்குள் ரோசி. சாம்பல் நிறப் பூனை. விடைத்தாள் திருத்தும்போது கட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று டீச்சர் முன்பு சொல்லியிருக்கிறார். இப்போது காதும் மீசையும் துடித்துக்கொண்டிருந்தன. நாலு காலிலும் நடுக்கம். கைதட்டும் சத்தம் கேட்டால்கூட உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது. வாயோரம் எச்சில்.

நண்பர்களே, அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லவிதமாக எழுத இதைவிட்டால் வேறு இடம் கிடைக்கலாம்.

“அளவு கூடப் போட்டுட்டீங்களா டீச்சர்?”

டீச்சர் கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். கட்டம் போட்ட தாள். ‘காலை 8.10: 0.4 மி.லி., பிடரியில். 9.50: காது துடிப்பு. 10.20: பின்கால் தடுமாற்றம். 10.45: நடுக்கம், எச்சில்.’

“நீங்க 0.4 எழுதியிருக்கீங்க. நான் 0.4 போட்டேன். ஊசிய வெளிச்சத்துல புடிச்சிப் பாத்து, காத்துக் குமிழ எடுத்துட்டுப் போட்டேன். பத்துல ஒரு பங்கு எப்படி வந்துச்சின்னு நானும் போட்டுப் பாத்தேன் சார். ஒங்க கணக்கு சரிதான்.”

இருபது வருஷத்தில் யாரும் என் அறிவுரையை அவ்வளவு சுத்தமாகப் பின்பற்றியதில்லை. அரைகுறையாகப் பின்பற்றுகிறவர்களால்தான் நம்மில் பலரின் நல்ல பெயர் தப்பிக்கிறது. டீச்சர் அப்படிப்பட்டவர் இல்லை.

நான் மெடிக்கலுக்குப் போன் போட்டேன். “என்ன மருந்துங்க குடுத்தீங்க?”

“நீங்கதான சார் குடுக்கச் சொன்னீங்க?”

“பெட்டில என்ன எழுதியிருக்குது, படிங்க.”

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். இரண்டு பெயர்கள். இரண்டாவது பெர்மெத்ரின். பிறகு அவரே தயங்கிச் சொன்னார்: “மூலைல ஒரு பூன படம் இருக்குது சார். மேல குறுக்க கோடு. நாங்க ஏதோ டிசைன்னு நெனச்சோம்.”

நாயின் கல்லீரல் பெர்மெத்ரினை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலை சரியாகத் தெரியாது. மருந்து உள்ளேயே நின்று நரம்பைப் பிடித்து ஆட்டும். எடைக்கு எடை வகுத்தாலும் பூனை சின்ன நாய் ஆகாது. இதெல்லாம் நான் படித்ததுதான். படித்த புத்தகம் அலமாரியில் இருந்தது. இறக்கிப் பக்கம் தேட ஆரம்பித்தேன். முறிவு மருந்து ஏதாவது இருக்கிறதா? யாருக்குப் போன் செய்யலாம்? கை பக்கத்தைப் புரட்டியது. கண் எதையும் படிக்கவில்லை. புத்தகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தோன்றியது.

“கழுவலாமா சார்?” என்று உதவியாளர் கேட்டார்.

“இரும்மா, பாக்குறேன்.”

“நீங்க பாருங்க. மேல கெடக்குறது இன்னும் உள்ள எறங்கிக்கிட்டு இருக்குதில்ல, நான் தண்ணி எடுத்தாறேன்.”

அவர் வாளியும், பாத்திரம் கழுவும் திரவமும் எடுத்துவந்தார். அந்த வாளிச் சத்தத்தில்தான் நான் புத்தகத்தை மூடினேன். அந்த மருந்துக்கு முறிவு கிடையாது. நடுக்கத்தை அடக்க வேண்டும், மேலே இருப்பதைக் கழுவ வேண்டும், உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இது எனக்குத் தெரியும். தெரிந்ததை எடுக்கத்தான் ஐந்து நிமிடம் ஆனது.

வலிப்பு வரும் நாய்களுக்கு வைத்திருந்த ஊசி மருந்தை எடுத்து, பூனையின் எடைக்கு அளவு போட்டேன். என் கையும் பூனையைப் போலவே ஆடியது. உதவியாளர் பார்த்தார்.

“இதுக்கும் சார்ட்டு இருக்குதா சார்?”

இது கேலிக்குரிய நேரமா என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் கை நின்றது. அவர் அதற்காகத்தான் சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை. பூனைக்கு அந்த மருந்து எவ்வளவு என்பதை இந்தமுறை புத்தகத்தில் பூனைக்கென்று எழுதியிருந்த வரியிலிருந்து எடுத்தேன், எதிலிருந்தும் வகுக்கவில்லை.

நடுக்கம் கொஞ்சம் தணிந்ததும் கழுவினோம். டீச்சர் அடுப்பில் வெந்நீர் வைக்கட்டுமா என்றார். சூடான தண்ணீர் பட்டால் தோல் மருந்தை இன்னும் குடிக்கும். குளிர்ந்த தண்ணீரில் பூனை சில்லிட்டுப் போனால் நடுக்கம் கூடும். உதவியாளர் முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார், கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் பார்ப்பதுபோல. பிடரியில் மூன்று முறை நுரைத்துக் கழுவினார். துடைத்து, டீச்சரின் துப்பட்டாவில் சுற்றினார். வெளியே தேர் இழுக்கும் சத்தம் வரும்போதெல்லாம் ரோசி துள்ளியது. ஜன்னல்களைச் சாத்தினோம்.

இனிக் காத்திருக்க வேண்டியதுதான். அப்போதுதான் எனக்கு மிகவும் சௌகரியமான ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தது. ‘சில பூனைகளுக்கு இந்த மாதிரி ஒத்துக்காமப் போயிடும் டீச்சர்.’ ரோசி இறந்தாலும் அது போதும். பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதவியாளர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்; திரும்பவில்லை. டீச்சர் தன் தாளில் ‘11.50: குளியல்’ என்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தாளில் அடுத்த வரியாக நான் சொல்லப்போவதை அவர் எழுதிவைப்பார் என்று தோன்றியது. எழுதிவைக்கிறவர்களைக் கண்டால் எழுதிவைக்கிறவனுக்கு ஒரு பயம் உண்டு.

“டீச்சர், தப்பு என்னுது. கணக்கு சரி, மருந்து தப்பு. நாய்க்கு மட்டும் உள்ள மருந்து. கடைக்காரரு கேட்டாரு. பேருகூடக் கேக்காம குடுக்கச் சொன்னது நான்தான்.”

அவர் பேனாவை மூடினார். சுவரைக் காட்டினார். “அப்ப மொதல்ல அத எறக்குங்க. அப்புறம் பேசலாம்.”

ஸ்டூல் போட்டு ஏறி இறக்கினேன். அதற்குப் பிறகும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மெடிக்கல் கடைக்காரர் அன்று மதியமே அந்த டியூபை யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொன்னார், டீச்சர் வீடு போக இரண்டே வீடு. ஒரு வீட்டில் நாய்க்குப் போட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் பூனை பிடிகொடுக்காமல் மதில் ஏறி ஓடியிருந்தது. அந்தப் பூனையின் அறிவை நான் மதிக்கிறேன்.

ரோசியின் நடுக்கம் அடுத்த நாளும் விட்டு விட்டு இருந்தது. பகலெல்லாம் எங்கள் மருந்தகத்தின் ஸ்டோர் அறையில் இருட்டில் கிடந்தது. மூன்றாம் நாள் காலை உதவியாளர் கொண்டுவந்த நெத்திலியை முகர்ந்து, தலையை மட்டும் விட்டுவிட்டுத் தின்றது. டீச்சர் அதையும் எழுதினார். போகும்போது என்னிடம், “ஒங்க சார்ட்ட நான் எங்க ஸ்டாஃப் குரூப்புல போட்டிருந்தேன் சார். எல்லாரையும் அழிக்கச் சொல்லிட்டேன். வேற யாரு யாரு எடுத்தாங்களோ” என்றார். நான் அதற்கு, “போனாப் போவுது டீச்சர், சொவத்துலருந்துதான் எடுத்தாச்சே” என்றேன்.

சுவரிலிருந்து எடுத்தால் போதும் என்று நினைத்த கடைசித் தலைமுறை நாங்கள்.

ஓய்வு பெற்றபின் நானும் மனைவியும் கடலூர் முதுநகருக்குக் குடிவந்தோம். வேலை இல்லாதவர்கள் நூலகத்துக்குப் போவார்கள். நானும் போகிறேன். அதுபோக வாரம் ஒருமுறை ஒரு செல்லப்பிராணிக் கடைக்கும் போவேன், பெட்டிகளைப் படிக்க. எந்த மருந்து, எத்தனை சதவீதம், எந்த விலங்குக்கு, எத்தனை வார வயதுக்குமேல், எத்தனை கிலோவுக்குமேல், எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். முன்பு வண்ண மீன் விற்றவர். நான் எதுவும் வாங்காமல் எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போவதால் எனக்கு ‘படிக்கிற சார்’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

சமீபத்தில் ஒரு நாள் காலை நான் அங்கே நின்று ஒரு பெட்டியின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தேன். ரயில்வே ஜங்ஷன் பக்கம் இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள் ஒயர் கூடையோடு வந்தார். கூடைக்குள் துண்டு, துண்டுக்குள் ஒரு பூனைக்குட்டி. கையளவுதான் இருந்தது. வெள்ளை முடிக்குள் மிளகுத்தூள் தூவியதுபோலத் தெள்ளுப்பூச்சிக் கழிவு.

“பூச்சி ஜாஸ்தியா இருக்குதுப்பா. பாலு குடிக்கவே மாட்டேங்குது. ரெண்டு நாளா தூங்கிக்கிட்டே கெடக்குது. எதனா குடு.”

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்தார். “இதுல ஒரு டியூப் போதும்கா. பத்துல ஒரு பங்கு போட்டுட்டு மீதிய மூடி வச்சிக்கங்க, ஒரு வருஷத்துக்கு ஆவும்.”

“நாய் படமில்ல போட்டிருக்குது?”

“அதுக்குக் கணக்கு இருக்குதுகா. சிதம்பரத்துல பெரிய டாக்டரே எழுதிக் குடுத்துருக்காரு, பாருங்க.” போனை எடுத்துக் காட்டினார்.

பச்சை ஓரம். என் கட்டங்கள். என் கையெழுத்து. யாரோ படத்தின் அடி ஓரத்தை வெட்டியிருந்தார்கள். தேதி மட்டும் போயிருந்தது.

“அத எழுதினது நான்தாங்க” என்றேன். “அது தப்பு. போடாதீங்க.”

கடைக்காரர் சிரித்தார். “போன வாரம் ஒருத்தரு வந்து அவரு ஏர்ஃபோர்ஸுல பைலட்டுன்னாரு சார்.”

அவருடைய மேசையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். அவர் போனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. அந்த அம்மாளும் எட்டிப் பார்த்தார்.

“அப்ப தப்பா எழுதினது நீங்கதானா?”

“நான்தாம்மா.”

“தப்பா எழுதினவரு இப்ப சொல்றத மட்டும் எப்புடிங்க நம்புறது?”

எத்தனையோ மேல்அதிகாரிகள் என்னை எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை யாரும் கேட்டதில்லை. பட்டம், பதவி, அனுபவம் எல்லாம் அந்த அட்டவணையிலும் இருந்தன. ரோசியின் கதையைச் சொல்லத் தொடங்கினால் குட்டி காத்திருக்காது. கடைக்காரரின் கையிலிருந்த பெட்டியை வாங்கினேன். மூலையில் கடையின் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். பாதி கிழிந்து வந்தது. அடியில் ஒரு பூனை, அதன் மேல் குறுக்குக் கோடு.

“என்னைய நம்ப வேணாம்மா. இதப் பாருங்க.”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடைக்காரர் வரிசையில் இருந்த மற்ற பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றாக ஸ்டிக்கரைச் சுரண்ட ஆரம்பித்தார். “ஏன் சார், இவ்ளோ சின்னதாவா போடுவானுங்க?” என்றார். நியாயமான கேள்வி. ஆனால் பெரிதாகப் போட்டிருந்தாலும் நாங்கள் டியூபை லூசில் வாங்கியிருப்போம்.

குட்டியின் ஈறைப் பார்த்தேன். சிவப்பே இல்லை, காகிதம்போல வெளுத்திருந்தது. அந்த அளவுக் குட்டியைத் தெள்ளுப்பூச்சி ரத்தம் குடித்தே கொன்றுவிடும். தவறான மருந்தைத் தடுத்துவிட்டோம் என்று நான் வீட்டுக்குப் போயிருந்தால் அது பூச்சியால் செத்திருக்கும். பூனைக்கென்று வரும் மருந்துகளிலும் பெரும்பாலானவற்றுக்கு வயதும் எடையும் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் குட்டி எதற்கும் எட்டாது. கடையில் பேன் சீப்பு இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, சீப்பு என்று அங்கேயே செய்து காட்டினேன், உதவியாளர் செய்வாரே அப்படி. கிண்ணத்துத் தண்ணீர் துருநிறமானது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். “இவ்ளோ ரத்தமா?”

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தம் கொறஞ்சிருக்குதுன்னு சொல்லுங்க. இது படுக்குற துணியெல்லாம் கொதிக்கிற தண்ணில போடுங்க. தாய்ப்பூன இருந்தா அதையும் கொண்டுபோங்க.”

“அங்க பூனையெல்லாம் பாப்பாங்களா?”

“பாப்பாங்க” என்றேன். என் குரலில் இருந்த உறுதிக்கு நீங்கள்தான் ஆதாரம். உங்களில் யார் அன்று பணியில் இருந்தீர்களோ தெரியாது.

அவர் போனபின் கடைக்காரர் தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு, “இத அழிச்சிடட்டுமா சார்?” என்றார்.

“அழிச்சா ஒங்ககிட்டதான் அழியும். இன்னொண்ணு எழுதித் தர்றேன், அத அனுப்புங்க.”

அவருடைய தாளிலேயே எழுதினேன். ‘பூனை அட்டவணை தவறு. எழுதிய நானே திரும்பப் பெறுகிறேன். நாய் மருந்தில் ஒரு சொட்டும் பூனைக்கு ஆகாது. பெட்டியில்லாமல் டியூப் வாங்காதீர்கள்.’ கையெழுத்து. தேதியை இந்தமுறை ஓரத்தில் போடவில்லை. நடுவில், இரண்டு வரிகளுக்கிடையில் போட்டேன், வெட்ட முடியாதபடி. கடைக்காரர் படம் எடுத்து, தன்னிடமிருந்த எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பினார்.

இரண்டு வாரம் கழித்து ஜங்ஷன் பக்கம் இட்லி சாப்பிடப் போனேன். குட்டி ஓர் அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வெளியே வர முயன்று விழுந்துகொண்டிருந்தது. “டாக்டரம்மா தராசுல வச்சிப் பாத்துட்டுத்தான் மருந்தே எடுத்தாங்க” என்றார் அந்த அம்மாள். “ஒங்களமாரி இல்ல.” கூடுதலாக ஒரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

அன்று மாலை என் மனைவி போனை எடுத்துக்கொண்டு வந்தாள். சேத்தியாத்தோப்பில் இருக்கும் அவள் தங்கை வீட்டுப் பூனைக்குப் பூச்சியாம். என்ன போடலாம் என்று கேட்டு, குடும்பக் குழுவில் தங்கைக்கு வந்த இரண்டு படங்களையும் அனுப்பியிருக்கிறாள். ஒன்று பச்சை ஓரம் போட்டது. இன்னொன்று கடைக்காரரின் துண்டுத்தாள். இரண்டும் பல கை மாறி, ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தன.

“இதுல எது நீங்க எழுதினது?”

“ரெண்டும்.”

“எது சரி?”

“தேதியப் பாரு. தேதி இருக்குறதுதான் சரி.”

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் அழித்துவிட்டு, தங்கைக்கு ஒரு வரி அடித்து அனுப்பினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் படித்தேன்.

‘பூனயத் தூக்கிக்கிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டு.’

நான் எழுதிய எந்த அட்டவணையிலும் இல்லாத வரி அது.